மில்க் காட்டன், பேம்பூ நூல்: இதில் எது இயற்கை?

ஊசிநூல்_வேளச்சேரி:
நாத்தனார் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். குழந்தைக்குக் கையில்லாத சட்டையும் தொப்பியும் பின்னப் போகிறேன். பிளாஸ்டிக் கலந்த நூல் வேண்டாம். கடையில் 'மில்க் காட்டன்', 'பேம்பூ' இரண்டையும் எடுத்துப் போட்டு, "ரெண்டும் நேச்சுரல்தான் மேடம்" என்கிறார்கள். நம்பலாமா?

பழைய_மில்காரர்_கோவை:
நூற்பாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் அம்மா. லேபிளின் முன்பக்கத்தை நான் படிப்பதே இல்லை. மில்க் காட்டன் என்று விற்பதைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் பருத்தியோடு அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் இழை இருக்கும். பாலில் உள்ள கேசின் என்ற புரதத்திலிருந்து இழை எடுக்க முடியும்தான். 1930களில் இத்தாலியில் 'லானிடால்' என்று செய்தார்கள். ஆனால் நம் கடைப் பந்தின் விலைக்கு அதெல்லாம் வருமா?

பேம்பூ என்பது மூங்கில் கூழைக் காஸ்டிக் சோடா, கார்பன் டைசல்ஃபைடு போட்டுக் கரைத்து இழுத்த விஸ்கோஸ். அந்த டைசல்ஃபைடு ஆலையில் வேலை செய்பவர்களின் நரம்பைக் கெடுக்கும். அதை வெறும் 'மூங்கில்' என்று விற்றதற்காக அமெரிக்க வணிக ஆணையம் 2009இல் சில நிறுவனங்கள் மேல் நடவடிக்கையே எடுத்தது. நூல் மட்கும், மறுக்கவில்லை. பெயரில்தான் பித்தலாட்டம்.

விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்து, சிங்க் மேலே வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து பொடிச்சாம்பலாகும். கம்பளியில் முடி கருகும் நாற்றம் வரும். அக்ரிலிக் உருகிக் கறுப்பாக உருண்டு கெட்டியாகும், சூட்டோடு தொட்டுவிடாதீர்கள். விஸ்கோஸும் பருத்தி போலவே எரியும், அங்கே இந்தச் சோதனை உதவாது.

குன்னூர்_பின்னல்:
பருத்திக்குக் கம்பளி மாதிரி இழுபட்டுத் திரும்பும் குணம் கிடையாது. தொப்பியின் ரிப் (விளிம்பில் போடும் வரிப் பின்னல்) சீக்கிரம் தொளதொளத்துவிடும், அதை மட்டும் ஒரு சைஸ் சின்ன ஊசியில் போடுங்கள். கம்பளி வாங்கினால் 'சூப்பர்வாஷ்' என்பதைப் பார்த்து வாங்குங்கள். வாஷிங் மெஷினில் போட வசதிதான். ஆனால் பெரும்பாலும் கம்பளி இழையின் மேல் இருக்கும் செதிலைக் குளோரினில் கரைத்து, மேலே பாலிமர் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சு கொடுத்திருப்பார்கள்.

ஊசிநூல்_வேளச்சேரி:
கொளுத்திப் பார்த்தேன் ஐயா. மில்க் காட்டன் சாம்பலுக்குள் கறுப்பு மணி மணியாக நின்றது! அது வேண்டாம், சுத்தப் பருத்தியிலேயே பின்னுவது என்று முடிவு. சாயம் போடாத நூல் கிடைத்திருக்கிறது, அப்படியே பின்னலாமா?

பழைய_மில்காரர்_கோவை:
ஒரு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பஞ்சின் மெழுகு இன்னும் போகவில்லை, வியர்வையை உறிஞ்சாது. பந்தைச் சிட்டாவாக (பெரிய வளையமாக)ச் சுற்றி, நாலைந்து இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள், இல்லாவிட்டால் சிக்கு எடுத்தே பொழுது போய்விடும். கொஞ்சம் சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். தண்ணீர் டீ நிறத்தில் இறங்கும், பயப்படாதீர்கள். நன்றாக அலசி, நிழலில் காயவைத்து அப்புறம் பின்னுங்கள். சுருங்க வேண்டியதும் அதோடு பெருமளவு சுருங்கிவிடும்.