பழைய மோட்டார் படகு: பின்பலகை உளுத்திருக்கிறதா?

2009இல் கட்டப்பட்ட, 40 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் வகை) பூட்டிய 18 அடி ஃபைபர் படகொன்றை வாங்கவிருக்கிறேன். வார இறுதிக்குள் முடிவைச் சொல்லுமாறு விற்பவர் கேட்கிறார். எஞ்சின் குளிர்ந்த நிலையிலேயே உடனே கிளம்பியது, சிலிண்டர்களின் அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. கியர் ஆயில் மட்டும் பால்போல் வெளுத்து வந்தது. சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்க வேண்டும், அதை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் எனக்குப் பெரிய கவலையில்லை.

எஞ்சினைத் தாங்கும், ஃபைபருக்குள் மரம் வைத்த பின்பலகைதான் என்னைத் தயங்க வைக்கிறது. ரப்பர் சுத்தியலால் தட்டியபோது, மற்ற இடங்களில் கணீரென்றும், எஞ்சினைப் பொருத்தியிருக்கும் போல்ட்டுகளைச் சுற்றி மந்தமாகவும் ஒலித்தது. எஞ்சினின் அடிப்பகுதியை மேலும் கீழும் அழுத்தி அசைத்தும் பலகை வளையவில்லை, விரிசலும் தென்படவில்லை. போல்ட்டைக் கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை. துளையிடாமல், போல்ட்டைத் தொடாமல், உள்ளிருக்கும் மரம் உளுத்திருக்கிறதா என்பதை உறுதிசெய்ய வழி உண்டா?