புல்லட் ஃபார் மை வேலன்டைனோட முதல் ஆல்பம் தி பாய்சன்: டியர்ஸ் டோன்ட் ஃபால் தவிர மத்ததெல்லாம் தேறுமா?

கேட்டவர்: ஹெட்செட்_மண்டையன்

மக்களே ஒரு டவுட்டு. நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட் கேம்ல வர்ற ஹேண்ட் ஆஃப் பிளட் பாட்டு மூலமாத்தான் எனக்கு இந்த பேண்டே தெரியும். அப்புறம் காலேஜ்ல எவன் கிட்டார தொட்டாலும் டியர்ஸ் டோன்ட் ஃபால் இன்ட்ரோதான், அது காதுல ரத்தம் வர்ற அளவுக்கு கேட்டாச்சு. ஆனா தி பாய்சன் ஆல்பத்த முதல்ல இருந்து கடைசி வரைக்கும் கேட்டதே இல்ல. இப்ப ஆரம்பிக்கலாம்னு பாத்தா ரூம்மேட் "அது மெட்டல்கோரே கிடையாது, லவ் ஃபெயிலியர் பசங்க பாட்டு"ன்னு ஓட்டுறான். மெட்டலும் ஹார்ட்கோர் பங்க்கும் கலந்த ஸ்டைல்தான மெட்டல்கோர், இது நெசமாவே அதுவா இல்லையா? ஆல்பத்துல கத்துறதும் பாடுறதும் ஒரே ஆளா? அப்படியே கிட்டார்ல வாசிக்க என்ன ட்யூனிங்னும் யாராச்சும் சொல்லுங்க.

பதில்: பழைய_கேசட்

ரூம்மேட்ட விடு ப்ரோ, அவன் பாதி சரி பாதி தப்பு. இவங்க வேல்ஸ்ல பிரிட்ஜெண்ட்ங்கற ஊர்க்காரங்க, முன்னாடி ஜெஃப் கில்ட் ஜான்னு பேர் வச்சிக்கிட்டு ஹிப் ஹாப் வாடை அடிக்கிற நூ மெட்டல் வாசிச்சிட்டு இருந்தாங்க, ஒண்ணும் வேலைக்கு ஆகல, பேஸ் கிட்டார் ஆளு கெளம்பினதும் ஜே ஜேம்ஸ் வந்தாரு, பேரயும் ஸ்டைலயும் சேத்து மாத்திட்டாங்க. அதனாலதான் ஃபோர் வேர்ட்ஸ் பாட்டுல அவ்ளோ கடுப்பு, "நீங்கல்லாம் எங்க தேறப்போறீங்க"ன்னு சொன்னவங்களுக்கு குடுத்த பதிலடி அது.

ஆல்பம் 2005 அக்டோபர்ல யூகேல வந்துச்சு, அமெரிக்காவுல 2006 பிப்ரவரி 14, பேண்டு பேருக்கு ஏத்த மாதிரி வேலன்டைன்ஸ் டே அன்னிக்கு. ப்ரொட்யூசர் காலின் ரிச்சர்ட்சன். கார்காஸ், மெஷின் ஹெட், ஃபியர் ஃபேக்டரின்னு கனமான பேண்டுகளோட வேல பாத்த மனுசன், அதான் முதல் ஆல்பம் மாதிரியே இருக்காது சவுண்டு. ட்ரம்ஸ் ஒவ்வொரு அடியும் தனியா கேக்கும், ரெண்டு கிட்டாரும் ஒண்ணோட ஒண்ணு மோதாது.

மெட்டல்கோரான்னு கேட்டா ஆமா, ஆனா ஹார்ட்கோர் பக்கம் கம்மி. கன்வெர்ஜ் மாதிரி முரட்டு ஹார்ட்கோர் பேண்ட எதிர்பாத்து போனா ஏமாந்துருவ. கத்தல் வெர்ஸ், பாடுற கோரஸ், நடுவுல வேகத்த கொறச்சி கனமா அடிக்கிற பிரேக்டவுன், இந்த ஃபார்முலா இருக்கு. ஆனா மேல ஓடுற கிட்டார் எல்லாம் அயர்ன் மெய்டன், மெட்டாலிகா கேட்டு வளந்தவங்க கை. பாட்டும் கிட்டாரும் பாக்குற மேட் டக்கும், இன்னொரு கிட்டாரிஸ்ட் பேட்ஜ்னு கூப்டுற மைக்கேல் பேஜட்டும் ஒரே மெட்ட ரெண்டு சுருதியில சேந்து வாசிக்கிற ஹார்மனி லீடுதான் என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த ஆல்பமே, பிரேக்டவுன் எல்லாம் ஊறுகா மாதிரிதான்.

கத்துறது பாடுறது ரெண்டுமே மேட் டக்தான் முக்காவாசி, ஜேயும் கத்துவாரு. அவர் இருந்தப்ப மேடைல ஜே பங்கு ரொம்ப அதிகம், ஏன்னா மேட் கிட்டார் வாசிச்சிக்கிட்டே உடனே கத்தாம பாடுற க்ளீன் கோரஸுக்கு தாவணும். அடுத்த ஆல்பம் சமயத்துல மேட்டுக்கு தொண்டையில பிரச்சனை ஆகி ஆபரேஷன் வரைக்கும் போச்சு, அதுல கத்தல் கொறஞ்சதும் இதே நேரத்துலதான்.

பதில்: மூணாவது_ஃப்ரெட்

ட்யூனிங் ட்ராப் சி. எல்லா கம்பியயும் ஒரு முழு ஸ்டெப் எறக்கு, அப்புறம் தடி கம்பிய மட்டும் இன்னொரு ஸ்டெப் எறக்கு. தடிச்சதுல இருந்து சி ஜி சி எஃப் ஏ டி. கிட்டாரோட வந்த மெல்லிசான 9-42 கம்பி செட்ட வச்சிக்கிட்டு இத பண்ணாத தம்பி, தடி கம்பி தொளதொளன்னு ஆயிரும், வேகமா அடிக்கும்போது சுருதி ஏறி ஏறி எறங்கும், கேக்கவே அசிங்கமா இருக்கும். 11-54 மாதிரி தடிச்ச செட் போடு. ஃப்ளாய்ட் ரோஸ்னு ஸ்ப்ரிங்ல ஆடுற பிரிட்ஜ் வச்ச கிட்டாரா இருந்தா பின்னாடி ஸ்ப்ரிங்க டைட் பண்ணி பிரிட்ஜ மறுபடி லெவலுக்கு கொண்டு வரணும், பொறுமை இல்லன்னா கடைக்காரர்கிட்ட குடுத்துரு.

டியர்ஸ் டோன்ட் ஃபால் இன்ட்ரோ எல்லாருக்கும் வரும், க்ளீன் சவுண்டுல மெதுவாதான போகுது. "லெட்ஸ் கோ"ன்னு கத்தினதுக்கு அப்புறம்தான் யாரு வாசிக்கிறான் யாரு நடிக்கிறான்னு தெரியும். கம்பிய உள்ளங்கையால லேசா அமுக்கி அடிக்கிற பாம் மியூட்ல வலது உள்ளங்கை பிரிட்ஜ் ஓரத்துலயே ஒட்டி இருக்கணும், கொஞ்சம் முன்னாடி நகந்தா நோட்டே செத்துரும். டிக் டிக்னு தாளம் காட்டுற மெட்ரோனோம் இல்லாம தொடாத.

பதில்: சும்மா_ஒரு_ஆளு

எல்லாரும் தூக்கி வச்சி ஆடுறீங்க, நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. மியூசிக் ஓகே, ஆனா வரிகள்? பாதிக்கு மேல "நீ என்னை ஏமாத்திட்ட"தான். ரூம் 409ல காதலி இன்னொருத்தனோட இருக்கறத பாத்துட்டானாம், டியர்ஸ் டோன்ட் ஃபால்லயும் துரோகம். பதினேழு வயசுல கேட்டா உயிர், இப்ப கேட்டா டேய் போதும்டான்னு தோணுது. அதே வருஷம் வந்த ட்ரிவியம் பேண்டோட அசென்டன்சி ஆல்பம் பக்கம் போனா வரிகள்ல விஷயம் அதிகம். ஆனா அது அவங்களுக்கு ரெண்டாவது ஆல்பம், முதல் ஆல்பத்தோட ஒப்பிட்டா நியாயம் இல்லன்னு பழைய_கேசட் சண்டைக்கு வருவாரு.

பதில்: பழைய_கேசட்

வரத்தான் செய்வேன் 😄 வரிகள் விஷயத்துல உங்க கட்சிதான், மறுக்கல. ஆனா ரெண்டையும் மோத விடணும்னு என்ன இருக்கு, ரெண்டு பேண்டுமே 2025ல ஒரே டூர்ல சேந்து போயி இந்த ரெண்டு ஆல்பத்தயும் முழுசா வாசிச்சாங்களே. என்ன, புல்லட்டோட பழைய நாலு பேர்ல மேட்டும் பேட்ஜும்தான் மிச்சம். ஜே 2015லயே போயிட்டாரு, ட்ரம்மர் மூஸும் அதுக்கப்புறம் கெளம்பிட்டாரு.

கேட்டவர்: ஹெட்செட்_மண்டையன்

செம, ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஷஃபிள்ல கேட்டா பரவால்லயா, இல்ல வரிசையாதான் கேக்கணுமா? முதல் ட்ராக் வெறும் வயலின் மாதிரி ஏதோ வந்துச்சு, ஸ்கிப் பண்ணிட்டேன்.

பதில்: மூணாவது_ஃப்ரெட்

அது செல்லோ, வாசிச்சது ஃபின்லாந்து பேண்டு அபோகலிப்டிகா. அத ஸ்கிப் பண்ணாத, ரெண்டு நிமிஷம் சொச்சம்தான், அது முடியற எடத்துலதான் அடுத்த பாட்டு ஹெர் வாய்ஸ் ரிசைட்ஸ் வந்து அறையும், அது இல்லாம அந்த பாட்டுக்கு பாதி பலம் இல்ல. ஷஃபிள ஆஃப் பண்ணு. எடிஷனுக்கு எடிஷன் பாட்டு லிஸ்ட் கொஞ்சம் மாறும், கடைசி பாட்டு தி எண்ட்னு இருக்கான்னு பாத்துக்க. ஏழு நிமிஷத்துக்கு கிட்ட போகும், மெதுவா ஆரம்பிக்குதுன்னு பாதில நிறுத்திராத. ரூம்மேட்டுக்கு போட்டுக் காட்டணும்னா டியர்ஸ் வேணாம், ஹெர் வாய்ஸ் ரிசைட்ஸ்ல இருந்து ஆரம்பி.