மல்டிமீட்டர் வாங்கியதும் பட்டதும்: உப்புக்காற்றுக்காரர்கள் பகிர்ந்தவை

மண்டபத்திலிருந்து:

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள். படகெல்லாம் கரையில் கிடக்கும் அந்த இரண்டு மாதத்தில்தான் எனக்கு வேலை குவியும். ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வாக்கிடாக்கி எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். போன வருடம் ஒரு சம்மாட்டி (படகு முதலாளி) வந்தார். பேசுவதற்குப் பட்டனை அமுக்கினால் வாக்கிடாக்கி அணைந்துவிடுகிறது, விட்டால் மறுபடி எரிகிறது என்றார். பேட்டரியில் மல்டிமீட்டரை (வோல்ட், கரண்ட், ஓம் எல்லாம் அளக்கிற கருவி) வைத்தேன், 13.4 வோல்ட். "பேட்டரி அருமையா இருக்குண்ணே, செட்டுலதான் கோளாறு"ன்னு சொல்லி செட்டைப் பிரித்து உட்கார்ந்தேன். ஒரு பகல் முழுக்கப் போனது.

எஞ்சின் ஓடவில்லை, சார்ஜரும் போடவில்லை. ஓய்வில் இருக்கிற 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி முழுசாக ஏறியிருந்தாலும் 12.7 பக்கம்தான் நிற்கும். 13.4 காட்டினால் பொய் சொல்வது மீட்டர். திறந்து பார்த்தால் உள்ளே இருந்த 9 வோல்ட் பேட்டரி வற்றிப் போயிருந்தது. மலிவு மீட்டர்களில் அது இறங்க இறங்க, ஒப்பிடுவதற்கு வைத்திருக்கிற உள் வோல்டேஜும் இறங்கும், அதனால் திரையில் எண் ஏறும். சாகப்போகிற பேட்டரியை நல்ல பேட்டரி என்று காட்டும். கடலுக்குப் போகிறவனுக்கு இதைவிட ஆபத்தான தப்பு வேறு இல்லை. பக்கத்துக் கடையில் நல்ல மீட்டர் இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன், 11.9.

படகு பேட்டரியை மாற்றியும் கோளாறு முழுசாகத் தீரவில்லை. 25 வாட் செட் பேசும்போது 5, 6 ஆம்பியர் இழுக்கும். பட்டனை அமுக்கச் சொல்லிப் பார்த்தால் பேட்டரி முனையில் 12.4, செட் முனையில் 10.1. மீட்டரின் ஒரு புரோபை (தொட்டு அளக்கிற முனை) பேட்டரியின் பிளஸ்ஸிலும் இன்னொன்றை செட்டின் பிளஸ்ஸிலும் வைத்தேன், 2.3 வோல்ட் அந்த ஒரே வயரில் நின்றது. ஃப்யூஸ் ஹோல்டருக்குக் கீழே இருந்த கிரிம்ப்பை (வயரை நசுக்கி இணைத்த மூட்டு) வெட்டினேன். வெளி உறை புதுசு மாதிரி பளபளக்கிறது, உள்ளே செம்பு இழை கருத்து, நகத்தால் சுரண்டினால் பச்சைக் களிம்பு பொடியாக உதிர்கிறது. ஓம்ஸில் வைத்துப் பார்த்தால் இது பிடிபட்டிருக்காது. கணக்குப் போட்டால் சுமார் 0.4 ஓம்தான், மலிவு மீட்டரின் லீட் வயரே அவ்வளவு காட்டும்.

அப்புறம்தான் எனக்கென்று புது மீட்டர் யோசித்து வாங்கினேன். 6000 கவுண்ட் (திரையில் எண் எவ்வளவு நுணுக்கமாக வரும் என்பது), ட்ரூ ஆர்எம்எஸ் (அலை சைனாக இல்லாவிட்டாலும் ஏசியைச் சரியாக அளப்பது), உள்ளே பீங்கான் ஃப்யூஸ், பாதுகாப்புத் தரம் கேட் 3 600 வோல்ட். கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பேட்டரி இறங்கினால் திரையில் எச்சரிக்கை வருமா என்பதுதான். டிஜிட் எத்தனை என்பதெல்லாம் அதற்கப்புறம்.

கீழக்கரையிலிருந்து:

அண்ணா, நான் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) கடைசி வருடம். குளத்து நீரின் உப்பை அளந்து அனுப்புகிற சின்னக் கருவிதான் பிராஜெக்ட், வைஃபை உள்ள குட்டிக் கம்ப்யூட்டரான ஈஎஸ்பி32 போர்டு, பேட்டரியில் ஓட வேண்டும். போர்டு தூங்கும்போது எத்தனை மைக்ரோஆம்பியர் இழுக்கிறது என்று தெரிந்தால்தான் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியும். லேபில் இருந்த மஞ்சள் மீட்டரை 2000 மைக்ரோவில் போட்டு சீரிஸில் (போர்டுக்குப் போகிற வயரின் நடுவே) வைத்தேன். போர்டு எழுந்திருக்கவே இல்லை. எழுவதும் ரீசெட் ஆவதுமாகவே கிடந்தது, இரண்டு நாள் புரோகிராம் கோடைத் திட்டிக்கொண்டிருந்தேன். கோடில் ஒன்றுமில்லை. அந்த ரேஞ்சில் மீட்டருக்குள்ளே 100 ஓம் இருக்கிறது, வைஃபை தொடங்கும்போது போர்டு 100 மில்லியாம்பியருக்கு மேல் கேட்கிறது, 100 ஓமில் அவ்வளவு ஓட 10 வோல்ட் வேண்டும், 3.3 வோல்ட்டில் இது எப்படி நடக்கும்?

வழி சுலபம். மீட்டரின் இரண்டு முனையையும் ஒரு கிளிப் வயரால் ஷார்ட் செய்துவிட்டு போர்டை எழுப்புங்கள், அது தூங்கியதும் கிளிப்பை எடுத்துவிட்டு அளவைப் படியுங்கள். அடுத்த தடவை எழுவதற்குள் மறுபடி போட்டுவிட வேண்டும்.

துபாயிலிருந்து எங்க காக்கா (அண்ணன்) மீட்டர் வாங்கி வருகிறேன் என்றபோது கவனமாகப் பார்த்துத்தான் சொன்னேன். ஃப்ளூக் 101-ல் கரண்ட் அளவே கிடையாது, 115-ல் ஆம்பியர் மட்டும்தான். இரண்டும் வயரிங் வேலைக்கு நல்லவை, எனக்கு ஆகாது. 17பி பிளஸ்ஸில் 400.0 மைக்ரோ ரேஞ்ச் இருக்கிறது, அதையே வாங்கச் சொன்னேன். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு வாங்குகிறவர்கள் டயலில் அந்த மைக்ரோ குறியைத் தேடிப் பாருங்கள்.

தேவிபட்டினத்திலிருந்து:

நான் வயரிங்காரன், கூடவே இன்வெர்ட்டர் சர்வீஸ். தங்கச்சி சொன்ன அந்த மஞ்சள் மீட்டரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். என்னிடம் வேலை பழகிய தம்பி ஒருவன் கரண்ட் பார்த்துவிட்டு லீடை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு 230 வோல்ட் பிளக்கில் வைத்துவிட்டான். அந்தத் துளைக்கு ஃப்யூஸே கிடையாது, மீட்டரின் முகத்திலேயே அச்சடித்திருக்கிறது, யார் படிக்கிறோம். வெடிச்சத்தம், எம்சிபி (தானாக அணைகிற பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்தது, புரோப் முனை உருகி உருண்டை ஆகிவிட்டது. விரலில் கொப்புளத்தோடு பிழைத்தான். இன்றைக்கும் அந்த புரோபை கடைச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறேன், புதிதாக வருகிற பையன்கள் பார்க்கட்டும் என்று. கேட் என்று மீட்டரில் போட்டிருப்பது ஐஇசி 61010 பாதுகாப்பு விதிப்படி. வீட்டு மெயின் போர்டைத் தொட வேண்டுமானால் கேட் 3 இல்லாமல் தொடாதீர்கள், பேருக்கு அச்சடித்ததாக இல்லாமல் உள்ளே பீங்கான் ஃப்யூஸ் இருக்கிறதா என்று திறந்தே பாருங்கள்.

ட்ரூ ஆர்எம்எஸ்ஸும் வீண் செலவு இல்லை. சைன் அலை தராத மலிவு இன்வெர்ட்டர் ஒன்று வந்தது, 180 வோல்ட்தான் வருகிறது என்று கொண்டு வந்தார்கள். என் பழைய மீட்டரும் 180 என்றது. உண்மையில் அது 325 வோல்ட்டைப் பாதி நேரம் கொடுத்துப் பாதி நேரம் நிறுத்துகிறது, ஆர்எம்எஸ் கணக்கில் சரியாக 230. சராசரியைப் பிடித்து 1.11-ஆல் பெருக்குகிற மீட்டர் அதை 180 என்றுதான் படிக்கும். அது தெரியாமல் உள்ளே திருகி ஏற்றியிருந்தால் வீட்டு டிவி போயிருக்கும்.

மறுபடி மண்டபம்:

தம்பி கை இப்போது எப்படி இருக்கிறது அண்ணே? எம்சிபி விழுந்ததால் தப்பித்தான்.

ஒன்று விட்டுவிட்டேன். நம்ம ஊர்க் காற்றில் மீட்டரின் டயல் சுவிட்சே ஆறு மாதத்தில் மக்கர் செய்யும், எண் துள்ளும். பின் மூடியைக் கழற்றி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு செம்புத் தடங்களைத் துடைத்தால் சரியாகிவிடும். வேலை முடிந்ததும் லீடை உருவி, மீட்டரை ஜிப் கவரில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வைக்கிறேன். மருந்து டப்பாவில் வருகிற பொட்டலமே போதும்.