ஸ்லஃப்: புண் படிவத்துக்கு ஒரு சொல் வேண்டும்

பயிற்றுநர் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம்.

முதலாண்டு செவிலிய மாணவியருக்கான புண் மதிப்பீட்டுப் படிவத்தைத் தமிழில் தயாரிக்கிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நீளம், அகலம், ஆழம், கசிவு, நாற்றம், வலி, சுற்றுத்தோல் எல்லாம் முடிந்துவிட்டன. புண்ணின் தரை எப்படி இருக்கிறது என்ற கட்டத்தில் நிற்கிறேன். சிவந்து மணிமணியாக எழும் புதுச்சதைக்குத் 'துளிர்ச்சதை'. கறுத்து இறுகிப்போன இறந்த பகுதியான எஸ்காருக்குக் 'கரும்பொருக்கு'. மஞ்சளாகவோ சாம்பலாகவோ ஈரமாய்த் தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இறந்த பகுதியான ஸ்லஃபுக்குத்தான் சொல் இல்லை.

சொல் இல்லாததால் மாணவியர் 'சீழ்' என்று எழுதிவிடுகிறார்கள். இதைச் சிறு பிழையென்று விட முடியாது. சீழ் என்று எழுதினால் தொற்று என்று பொருள். ஸ்வாப் எடுப்பது (சோதனைக்குப் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுப்பது), மருத்துவரை அழைப்பது என்று வேலை வேறு திசையில் போகும். ஸ்லஃப் தொற்றில்லாத புண்ணிலும் இருக்கும். உப்புநீரில் நனைத்த காஸால் துடைத்தால் சீழ் வந்துவிடும், இது வராது. அந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிந்தால் நல்லது.

தமிழாசிரியர் எழுதியது:

'உரிபடலம்' என்று வைக்கலாம். ஆங்கிலச் சொல்லுக்கே பாம்பு கழற்றும் தோல் என்று ஒரு பொருள் உண்டு. நமக்கு 'உரி' என்ற வேர் கையிலேயே இருக்கிறது: உரித்தல், உரிவை, மரவுரி. உரிந்த, உரிகின்ற, உரியும் படலம் என மூன்று காலமும் அடங்கிய வினைத்தொகை. இறந்தது உடலைவிட்டு நீங்கும் போக்கையும் அது காட்டிவிடுகிறது. 'உரிமை' கூட இதே வேரின் கிளைதானா என்று நெடுநாளாக யோசிக்கிறேன். அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

வார்டு செவிலியர் எழுதியது:

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் ஸ்லஃப் தானாக உரியாது, அதுதான் எங்கள் தலைவலியே. ஒட்டிக்கொண்டு புண்ணை ஆறவிடாது. 'உரிபடலம்' என்று படித்த பிள்ளை இடுக்கியால் உரித்துப் பார்ப்பாள். புண்ணின் அடியில் தெரியும் தசைநாணும் (தசையை எலும்போடு பிணைக்கும் நாண்) வெளுத்த மஞ்சளாய்த்தான் இருக்கும். அனுபவம் இல்லாத கண் இரண்டையும் குழப்பிக்கொள்ளும். தசைநாணைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்று பயிற்றுநர் அக்காவுக்குத் தெரியும். வேலையைத் தப்பாகச் சொல்லித்தரும் சொல் வேண்டாம்.

மருத்துவர் எழுதியது:

'படலம்' எனக்கும் உடன்பாடில்லை. பயோஃபில்மை 'உயிர்ப்படலம்' என்று எழுதி வருகிறோம். அது பெரும்பாலும் வெறுங்கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்க் கூட்டம். ஸ்லஃப் இறந்த செல்களும் ஃபைப்ரின் என்ற உறைபுரதமும் வெள்ளணுக்களும் கலந்த கண்கூடான பொருள். இரண்டும் ஒரே புண்ணில் இருக்கலாம். 'கழிசதை' எப்படி?

தமிழாசிரியர் எழுதியது:

கழிசதைக்கு நான் உடன்பட முடியாது. 'சால உறுதவ நனிகூர் கழிமிகல்' என்பது நன்னூல். கழி என்பது மிகுதி குறிக்கும் உரிச்சொல். கழிபேருவகை என்றால் கழிந்துபோன உவகையா? இலக்கணம் படித்தவர் கழிசதையை 'மிகுதியாக வளர்ந்த சதை' என்றுதான் கொள்வார்.

சதை–தசை பற்றியும் ஒரு சொல். தசை மூலம், சதை அதன் இலக்கணப்போலி என்று காட்டுவது வழக்கம். இன்று மருத்துவத் தமிழில் தசை இயங்கும் உறுப்பாகவும் சதை பொதுவான ஊனாகவும் பிரிந்து நிற்கின்றன. போலியாகப் பிறந்த சொல்லுக்குத் தனி வாழ்வு கிடைத்திருக்கிறது. அந்தப் பிரிவைக் காப்பாற்றுவோம்.

மருத்துவர் எழுதியது:

ஐயா சொன்ன பொருள்மயக்கம் உண்மையான ஆபத்து. துளிர்ச்சதை தோல்மட்டத்தைத் தாண்டி அளவுக்கு மீறி வளர்வதும் உண்டு, அதுவே மிகைச்சதை. கழிசதையைத் திரும்பப் பெறுகிறேன்.

வார்டு செவிலியர் எழுதியது:

இலக்கணத்துக்கு முன்னால் காது இருக்கிறது. பணிமாற்ற நேரத்தில் நோயாளியின் கட்டிலருகே நின்று 'கழிசதை' என்று சத்தமாகச் சொன்னால், அவர் காதில் கழிசடை என்றுதான் விழும்.

இலங்கையிலிருந்து மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

வணக்கம். நாங்கள் 'இழையம்' என்று எழுதுவதை நீங்கள் 'திசு' என்கிறீர்கள். திசு ஆங்கில ஒலியை அப்படியே எடுத்தது. 'இறந்த இழையம்' என்று வைத்தால் சதையா தசையா என்ற சிக்கலே எழாது. 'அழுகல்' என்று மட்டும் போட வேண்டாம். அழுகல் என்றதும் காலை எடுக்கப்போகிறார்கள் என்று குடும்பத்தவர் கலங்கிப் போவார்கள். காங்கிரீனுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது.

தமிழாசிரியர் எழுதியது:

இழையத்தை வரவேற்கிறேன். புண் பற்றிப் பேசும்போது புறநானூறு 281ஐ நினைக்காமல் இருக்க முடியவில்லை. அரிசில் கிழார் பாட்டு, தொடாக்காஞ்சித் துறை. வீட்டில் இரவ மரத்தழையும் வேம்பும் செருகி, ஐயவி என்ற வெண்கடுகைச் சிதறி, நறும்புகை எழுப்பிப் புண்பட்டவனைக் காக்கிறார்கள். வேம்பையும் புகையையும் வைத்துத் தொற்றுத்தடுப்பு அன்றே இருந்தது என்று சொல்ல என் மனம் துடிக்கிறது.

பயிற்றுநர் எழுதியது:

ஐயா, அந்தப் பாட்டில் வேம்பும் புகையும் பேய் அண்டாமலிருக்க. அதைத் தொற்றுத்தடுப்பாக்க வேண்டியதில்லை. புண்பட்டவனைத் தனியே விடாமல் இரவெல்லாம் விழித்திருந்து காப்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வகுப்பில் அதைக் கட்டாயம் சொல்வேன்.

படிவத்துக்கு வருவோம். செவிலியர் தங்கைக்கு ஒரு கேள்வி: நோயாளியிடம் இதை என்ன சொல்லி விளக்குகிறீர்கள்?

வார்டு செவிலியர் எழுதியது:

'செத்த சதை ஒட்டியிருக்கு' என்போம் அக்கா. உடனே 'எடுத்துடலாமா?' என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி அதுதானே. இழையம் என்றால் அந்தக் கேள்வி வராது.

மருத்துவர் எழுதியது:

செத்தசதை நல்ல சொல். ஆனால் எஸ்காரும் செத்தசதைதான். படுக்கைப்புண் ஆறுவதை மதிப்பிடும் புஷ் அளவுகோலில் ஸ்லஃபுக்கு 3, எஸ்காருக்கு 4. கையாளும் முறையும் வேறு. ஸ்லஃபைப் பொதுவாக நீக்கப் பார்ப்போம். குதிகாலில் காய்ந்து, இறுகி ஒட்டி, விரிசலோ சுற்றிலும் சிவப்போ இல்லாமல் இருக்கும் எஸ்காரை மென்மையாக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. இரண்டையும் ஒரே பெயரில் போட்டால் அதையும் ஊறவைத்து எடுத்துவிடுவார்கள். ஈரம், உலர்வு என்று அடைமொழி வேண்டும். நிறத்தை அடைமொழியாக்க வேண்டாம்: ஸ்லஃப் மஞ்சள் மட்டுமல்ல, சாம்பல், பச்சை, பழுப்பாகவும் வரும்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

'ஈரச் செத்தசதை', 'உலர் செத்தசதை'. நீளம்தான், விளங்குகிறது. கரும்பொருக்கைக் கைவிடுவதும் நல்லது. பொருக்கு இரத்தமும் நீரும் மேலே காய்ந்து கட்டுவது. எஸ்கார் செத்துப்போன தோலும் சதையுமே.

தமிழாசிரியர் எழுதியது:

செத்தசதை பேச்சுவழக்கு. கலைச்சொல் ஒரே சொல்லாக, பெயராகவும் வினையாகவும் விரியத்தக்கதாக இருக்க வேண்டும். உரிபடலம், உரிபடலநீக்கம், உரிபடலமுற்ற புண் என்று விரிக்கலாம். ஈரச் செத்தசதையை வைத்து இப்படி என்ன செய்வீர்கள்? இன்று எளிமைக்காக விட்டுக்கொடுத்தால் மேற்படிப்புக்கு நூல் எழுதும்போது மறுபடி இதே இடத்தில் வந்து நிற்போம்.

பயிற்றுநர் எழுதியது:

ஐயாவின் கவலை நியாயமானது. ஆனால் இந்தப் படிவம் முதலாண்டு மாணவியின் கையில், நோயாளியின் கட்டிலருகே இருக்கப்போவது. 'ஈரச் செத்தசதை', 'உலர் செத்தசதை' என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். கீழே குறிப்பில் ஸ்லஃப், எஸ்கார் என்ற ஒலிபெயர்ப்புகளும், 'துடைத்தால் வராது, சீழ் அன்று, இழுத்துப் பார்க்காதே' என்ற வரியும் இருக்கும். தோலின் முழு ஆழமும் போகாத இரண்டாம் நிலைப் படுக்கைப்புண்ணில் ஸ்லஃப் இராது, கண்டால் நிலையை மறுபடி மதிப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்துவிட்டேன்.

தமிழாசிரியர் எழுதியது:

அச்சைத் தடுக்க மாட்டேன். கலைச்சொல் பட்டியலில் உரிபடலத்தை மாற்றுச்சொல்லாகச் சேருங்கள். என் மறுப்பும் பதிவாகட்டும்.

வார்டு செவிலியர் எழுதியது:

சேர்க்கலாம் ஐயா. அக்கா, புண்ணைச் சுற்றி ஈரத்தில் ஊறி வெளுத்துப்போகும் தோலுக்குப் படிவத்தில் என்ன போட்டிருக்கிறீர்கள்? 'ஊறல்' என்றால் அரிப்பு என்று எடுத்துக்கொள்வார்களே.