கிரீன் டேயை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?

பிரீமாண்ட் வாசி:

2024 செப்டம்பர் 20 அன்று சான்பிரான்சிஸ்கோ ஓரக்கிள் பார்க் மைதானத்தில், பங்க் என்ற வேகமான, முரட்டு ராக் இசை வாசிக்கும் கிரீன் டே குழுவின் கச்சேரிக்குப் போயிருந்தேன். ‘டூக்கி’ வந்து முப்பது ஆண்டுகள், ‘அமெரிக்கன் இடியட்’ வந்து இருபது ஆண்டுகள் என்பதால் இரண்டு ஆல்பங்களையும் ஒரே இரவில் முழுமையாக வாசித்தார்கள். எனக்கு முன் வரிசையில் ஓர் அப்பாவும் மகளும். ‘டூக்கி’ முடியும்வரை அப்பா நின்றபடி தொண்டை கிழியப் பாடினார். மகள் கைப்பேசியில் மூழ்கியிருந்தாள். ‘அமெரிக்கன் இடியட்’ தொடங்கியதும் மகள் துள்ளி எழுந்தாள், அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் அந்த மகளின் கட்சி. 2004இல் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தைய கதையெல்லாம் எனக்குக் கேள்விஞானம். இங்கே பழைய ஆட்கள் சிலர் இருக்கிறீர்கள். எங்கே பார்த்தீர்கள், எப்படி இருந்தது என்று எழுதுங்கள். எந்த ஆல்பம் எத்தனை விற்றது என்ற பட்டியல் வேண்டாம். அது எங்கும் கிடைக்கிறது.

பழைய பெர்க்லி மாணவி:

தம்பி, நான் முதுநிலைப் படிப்புக்காக பெர்க்லிக்கு வந்தது 1990இல். என் அறைத்தோழி கில்மன் தெரு 924ஆம் எண்ணில் இருக்கும் ‘கில்மன்’ இசை அரங்கின் வாசலில் நின்று காசு வாங்கிப் போடும் தொண்டர். பிரம்பு நாற்காலி பின்னுவதற்கான சாமான்கள் விற்கும் கடையும் அந்த அரங்கமும் ஒரே கட்டடம். 1986ஆம் ஆண்டின் கடைசி இரவில் தொடங்கிய இடம் அது. ஆண்டுச் சந்தா இரண்டு டாலர். வயது வரம்பு கிடையாது. மது கூடாது, போதைப்பொருள் கூடாது, அடிதடி கூடாது, இனவெறி கூடாது, பெண்களை இழிவுசெய்வது கூடாது என்று சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த பிள்ளைகளின் தலைமுடியைப் பார்த்தால் என் அம்மா அந்தத் தெருவுக்கே வரமாட்டார். ஆனால் நான் அமெரிக்காவில் பயமில்லாமல் தனியாகப் போய்வந்த முதல் இரவுக் கூட்டம் அதுதான்.

கிரீன் டேயை அங்கே 1992இல் பார்த்தேன். மூவருக்கும் இருபது வயது ஆகியிருந்தால் அதிகம். அன்று வாசித்த மற்ற குழுக்கள் அரசாங்கத்தைத் திட்டின, காவல்துறையைத் திட்டின. இவர்களோ ஒரு பெண் தங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று பாடினார்கள். வேகம் அதே வேகம், சத்தம் அதே சத்தம். ஆனால் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் பாட, மைக் டர்ன்ட் பேஸ் கிடாரை வாசித்தபடியே மேல்சுருதியில் சேர்ந்துகொள்வார். இரண்டு குரலும் பிசகாமல் சேரும். பங்க் கச்சேரியில் சுருதி சேர்வதே அங்கே பலருக்குச் சந்தேகத்துக்குரிய விஷயம். “இது பாப்” என்று முகம் சுளித்தவர்கள் பின்வரிசையில் இருந்தார்கள். அவர்களுடைய காலும் தாளம் போட்டுக்கொண்டுதான் இருந்தது.

இந்தப் பையன்கள் பெர்க்லிக்காரர்கள் அல்லர். பில்லி ஜோ வளர்ந்தது ரோடியோவில். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் நிழலில் இருக்கும் சின்ன ஊர். அப்பா லாரி ஓட்டியவர், ஜாஸ் வாசிக்கத் தெரிந்தவர். 1982 செப்டம்பரில் புற்றுநோயால் இறந்தபோது மகனுக்குப் பத்து வயது. மைக்குடன் நட்பு ஏற்பட்டதும் அதே வயதில், பள்ளி உணவுக்கூடத்தில். வல்லேஹோவில் ‘ரோட்ஸ் ஹிக்கரி பிட்’ என்ற உணவகத்தில் பில்லி ஜோவின் அம்மா பரிமாறும் வேலை பார்த்தார். 1987இல் முதல் கச்சேரி அந்த உணவகத்திலேயே நடந்தது. அப்போது குழுவின் பெயர் ஸ்வீட் சில்ட்ரன். பாட்டிலும் மொழியிலும் இருந்த அந்தத் தொழிலாளர் வீட்டு வாடை, கல்லூரி வாடை அடித்த கில்மன் கூட்டத்தில் தனியாகத் தெரியும். இது என் கணிப்பு.

அப்புறம் 1993. ரிப்ரைஸ் என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம். பெரிய நிறுவனத்தில் இருக்கும் குழுவுக்கு கில்மன் மேடையில் இடமில்லை என்பது விதி. செப்டம்பரோடு கதவு மூடியது. அறைத்தோழியும் அவள் நண்பர்களும் நடைபாதையில் நின்று நள்ளிரவு தாண்டி வாதாடியது நினைவிருக்கிறது. ‘துரோகிகள்’ என்றான் ஒருவன். “வாடகையை நீ கொடுக்கிறாயா?” என்று இன்னொருத்தி கேட்டாள். கில்மனைத் தொடங்கிவைத்த டிம் யோஹானனின் ‘மேக்சிமம் ராக்கன்ரோல்’ இதழ் 1994இல் பெரிய நிறுவனங்களைச் சாடித் தனி இதழே போட்டது. அட்டையில் வாய்க்குள் துப்பாக்கியை வைத்துக்கொண்ட ஓர் ஆள்.

‘டூக்கி’ 1994 பிப்ரவரி முதல் தேதி வெளியானது. எங்கே பதிவானது தெரியுமா? பெர்க்லியிலேயே, ஃபேன்டசி ஸ்டூடியோவில், ஏறக்குறைய மூன்று வாரங்களில். அட்டைப்படத்தில் குண்டு விழுவதும் பெர்க்லியின் டெலிகிராப் அவென்யூவின் மேல்தான். நான் நாள்தோறும் நடந்த தெரு. கடையில் அந்த அட்டையைக் கையில் எடுத்து, தெரிந்த முகம் எதாவது இருக்கிறதா என்று தேடினேன். பின்னட்டையில் கச்சேரிக் கூட்டத்தின் நடுவே குழந்தைகள் நிகழ்ச்சியில் வரும் எர்னி பொம்மை ஒன்று தலைகாட்டும். வழக்கு வரும் என்று பயந்து பிற்பாடு அதை அழித்துவிட்டார்கள். என்னிடம் இருப்பது பொம்மை உள்ள பிரதி. யார் கேட்டாலும் தருவதாக இல்லை.

பிரீமாண்ட் வாசி:

அக்கா, அருமை. ஆனால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. இருபது, இருபத்தொரு வயதுப் பையன்கள் சோற்றுக்காக ஒரு கையெழுத்துப் போட்டால் ஊர்விலக்கமா? நம் கிராமத்துப் பஞ்சாயத்துதான் ஞாபகத்துக்கு வருகிறது.

பழைய பெர்க்லி மாணவி:

கோபம் நியாயம்தான், ஆனால் அவசரம். அந்த விதி இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் எல்லா நிறுவனங்களின் முகவர்களும் அங்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள். பதினாறு வயதுக் குழு ஒன்று தப்பும் தவறுமாக வாசித்துப் பழக அப்புறம் இடம் இருந்திருக்காது. கிரீன் டேயே அப்படிப் பழகிய குழுதானே. விதி குழுவைத் தண்டிக்க வந்ததில்லை, இடத்தைக் காப்பாற்ற வந்தது.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ‘39/ஸ்மூத்’, ‘கெர்ப்ளங்க்’ என்று முதலில் வந்த பதிவுகள் எல்லாம் லாரி லிவர்மோர் நடத்திய லுக்அவுட் என்ற உள்ளூர்ச் சிறு நிறுவனத்தில் வந்தவை. ‘டூக்கி’ அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் போனபோது பழைய பதிவுகளும் சேர்ந்து விற்றன. நினைத்திருந்தால் அவற்றையும் பெரிய நிறுவனத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம். கொண்டுபோகவில்லை. அந்த வருமானத்தில் லுக்அவுட் எத்தனையோ சின்னக் குழுக்களின் இசைத்தட்டுகளைப் போட்டது. சேர வேண்டிய பங்குத்தொகை பாக்கி விழுந்த பிறகு, 2005இல்தான் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். துரோகம் என்று நடைபாதையில் கத்திய ஆட்களின் இசைத்தட்டுகளும் அந்தக் காசில் அச்சானவையாக இருந்திருக்கலாம்!

பாஸ்டன்காரன்:

நான் கச்சேரி பார்த்தேன் என்று சொல்வதா, கலவரம் பார்த்தேன் என்று சொல்வதா? 1994 செப்டம்பர் 9, சார்லஸ் ஆற்றங்கரையில் ஹாட்ச் ஷெல் அரங்கம். ஜூலை 4 அன்று பாஸ்டன் பாப்ஸ் இசைக்குழு குடும்பங்களுக்கு வாசிக்கும் கண்ணியமான புல்வெளி அது. வானொலி நிலையம் ஒன்று இலவசக் கச்சேரி ஏற்பாடு செய்தது.

அதற்கு முந்தைய மாதம்தான் வுட்ஸ்டாக் இசை விழாவில் கிரீன் டே வாசித்தபோது கூட்டம் சேற்றை அள்ளி மேடைமீது வீசியது. பில்லி ஜோவும் திருப்பி வீசினார். அந்தக் குழப்பத்தில் மைக் டர்ன்டை மேடையேறிய ரசிகன் என்று நினைத்து ஒரு காவலாளி மடக்கிப் பிடிக்க, அவர் பல் உடைந்தது. நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. அதற்குப் பிறகும் பாஸ்டனில் சிறு கூட்டம்தான் வரும் என்று கணக்குப் போட்டவர்கள் எந்தக் கணக்கில் போட்டார்களோ! எழுபதாயிரம் பேர்வரை இருந்ததாகச் சொன்னார்கள்.

நானும் இரண்டு நண்பர்களும் மேடையிலிருந்து வெகுதூரம். பாட்டு தொடங்கியதும் முன்னாலிருந்து ஓர் அழுத்தம் வந்தது. காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. முன்தடுப்பு ஆடுவது எங்களுக்கே தெரிந்தது. பில்லி ஜோ கீழே இறங்கிப் பூச்செடிகளுக்குள் புகுந்துவிட்டார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, கச்சேரியை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு பாட்டில்கள் பறந்தன, பலர் கைதானார்கள். நாங்கள் பாலத்தைக் கடந்து கேம்பிரிட்ஜ் பக்கம் ஓடினோம். ஒரு நண்பனுக்கு ஒரு செருப்பு மிச்சம். கேட்ட பாட்டுகளைவிட ஓடிய தூரம் அதிகம்.

லண்டன் தம்பி:

என் பங்கு சின்னது. 2005 ஜூன், மில்டன் கீன்ஸ் நேஷனல் பவுல். இரண்டு நாட்களில் 1,30,000 பேர். அந்த ஒலிப்பதிவுதான் ‘புல்லட் இன் எ பைபிள்’ என்று வெளிவந்தது; கூட்டத்தின் இரைச்சலில் என் குரலும் இருக்கிறது என்று வீட்டில் யாரும் நம்புவதில்லை.

நான் எழுத வந்தது செப்டம்பர் பாட்டைப் பற்றி. ‘வேக் மீ அப் வென் செப்டம்பர் எண்ட்ஸ்’ (செப்டம்பர் முடிந்ததும் என்னை எழுப்பு) பில்லி ஜோ தன் அப்பாவின் சாவைப் பற்றி எழுதியது. மேலே அக்கா சொன்ன அதே 1982 செப்டம்பர். இன்று ஒவ்வொரு ஆண்டும் அந்த மாதம் முடிந்தவுடன் “எழுப்பிவிட்டீர்களா?” என்று இணையத்தில் கேலிப்படம் போடுகிறார்கள். சிரிக்கட்டும், பரவாயில்லை. மில்டன் கீன்ஸில் அந்தப் பாட்டு வந்தபோது பக்கத்தில் நின்ற முரட்டு ஆள் ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். என் அப்பாவைப் பள்ளிக் காலத்திலேயே இழந்தவன் நான். அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

நாலு கம்பி:

பேஸ் கிடார் சொல்லிக்கொடுக்கிறேன், ஓக்லண்டில். புதிதாக வரும் மாணவர்களில் பாதிப் பேர் ‘லாங்வியூ’ பாட்டின் பேஸ் வரிசையைத்தான் முதலில் கேட்கிறார்கள். பாடத்துக்கு அதைவிட நல்ல பாட்டு கிடையாது: டிரம்ஸ் தனியாகத் தொடங்கும், பிறகு பேஸ் வந்து சோம்பலாக ஊசலாடும், பல்லவி வரும்வரை கிடார் வாயே திறக்காது. மூன்று பேர் குழுவில் ஒருவர் சும்மா இருப்பதும் வாசிப்புதான் என்று பிள்ளைகளுக்கு அதில் காட்டலாம்.

நான் பார்த்தது ‘அமெரிக்கன் இடியட்’ சுற்றுப்பயணத்தில். நடுவில் நிறுத்தி, “யாருக்கு டிரம்ஸ் தெரியும், யாருக்கு பேஸ் தெரியும், யாருக்கு கிடார் தெரியும்?” என்று கேட்டுக் கூட்டத்திலிருந்து மூவரை ஏற்றினார் பில்லி ஜோ. கிடாருக்கு வந்த பையனின் கையை நானே பார்த்தேன், பெரிய திரையில். விரல் நடுங்கிக் கம்பியில் பதியவில்லை. பில்லி ஜோ அவன் பின்னால் நின்று எந்த இடத்தில் மாற வேண்டும் என்று தலையசைத்துக்கொண்டே இருந்தார். பாட்டு முடிந்ததும் அந்தக் கிடாரை அவனுக்கே கொடுத்துவிட்டார்.

அவர்களுக்கு வாசிக்கக் கொடுத்த பாட்டு கிரீன் டேயின் பாட்டு அல்ல. ‘நாலெட்ஜ்’, ஆபரேஷன் ஐவி என்ற கில்மன் குழுவின் பாட்டு. அந்தக் குழு 1989 மே மாதம் கில்மனில் கலைந்த இரவில்தான் ஸ்வீட் சில்ட்ரன் முதன்முறையாகக் கிரீன் டே என்ற பெயரில் மேடையேறியது. விலக்கி வைத்த இடத்தின் பாட்டை உலகம் முழுக்கக் கொண்டுபோய் ஊர் ஊராகப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பிரீமாண்ட் தம்பி, நீங்கள் போன ஓரக்கிள் பார்க் கச்சேரியில் முன்னால் வாசித்த ரான்சிட் குழுவில் டிம் ஆம்ஸ்ட்ராங்கும் மேட் ஃப்ரீமனும் இருந்தார்களே, அவர்கள் ஆபரேஷன் ஐவிக்காரர்கள். ஃப்ரீமன் வாசித்ததைக் கவனித்தீர்களா? கவனிக்கவில்லை என்றால் டிக்கெட் காசு பாதி வீண்.

பிரீமாண்ட் வாசி:

கவனித்தேன், அண்ணா, காசு வீணாகவில்லை! இடையில் ஒன்று கேட்கிறேன். 2000இல் வந்த ‘வார்னிங்’ முதல் 2004 வரை என்ன நடந்தது? என் வயதுக்காரர்களுக்கு அது வெற்றிடம்.

நாலு கம்பி:

‘வார்னிங்’ சரியாக விற்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 2002இல் பிளிங்க்-182 குழுவோடு சேர்ந்து சுற்றுப்பயணம் போனார்கள். தங்களைப் பார்த்து வளர்ந்த குழு தங்களைவிடப் பிரபலமாக இருந்த காலம். பிறகு ‘சிகரெட்ஸ் அண்ட் வாலன்டைன்ஸ்’ என்று ஒரு ஆல்பத்தைப் பதிவுசெய்து ஏறக்குறைய முடித்தார்கள், மூல நாடாக்கள் திருட்டுப் போய்விட்டன. தயாரிப்பாளர் ராப் கவாலோ, “இதுதான் உங்களுடைய மிகச் சிறந்த வேலையா?” என்ற பொருளில் கேட்டிருக்கிறார். அதற்கு அவர்களால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. புதிதாகத் தொடங்கியதுதான் ‘அமெரிக்கன் இடியட்’. அதில் ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டுகளே இரண்டு. திருடன் யாராக இருந்தாலும் அவனுக்கு ஒரு கிராமி விருது தர வேண்டும்.

பழைய பெர்க்லி மாணவி:

கதவு மறுபடி திறந்ததையும் எழுதிவிடுகிறேன். 2015 மார்ச்சில் ஓக்லண்டில் ஏகே பிரஸ் பதிப்பகமும் 1984 பிரிண்டிங் அச்சகமும் இருந்த கட்டடத்தில் தீ விபத்து. ஏப்ரலில் கிளீவ்லாந்தில் கிரீன் டே ராக் அண்ட் ரோல் புகழரங்கில் சேர்க்கப்பட்டது. அதற்கு அடுத்த மாதம், மே 17 அன்று, தீயில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி திரட்ட கில்மனில் கச்சேரி. அதில் கிரீன் டே மேடையேறியது. இருபத்தோரு ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது. எனக்குத் தெரியவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அறைத்தோழி மட்டும் போயிருந்தாள். அவளுக்கு எப்போதும் அந்த வாசலில் ஆள் உண்டு. நடைபாதையில் ‘துரோகிகள்’ என்று கத்தியவனையும் உள்ளே பார்த்தாளாம். தலை வழுக்கை, எல்லாப் பாட்டும் மனப்பாடம்.

பிரீமாண்ட் வாசி:

ஓரக்கிள் பார்க்கிலும் ஊர்க்கோபம் குறையவில்லை, அக்கா. ஓக்லண்ட் ஏ’ஸ் பேஸ்பால் அணியை லாஸ் வேகாஸுக்குக் கொண்டுபோவதைப் பற்றிப் பேசி, அந்த ஊரையே மேடையிலிருந்து திட்டித் தீர்த்தார் பில்லி ஜோ. ஓக்லண்டில் அந்த அணியின் கடைசி ஆட்டத்துக்கு ஒரு வாரமே இருந்தது. வேகாஸ் வானொலி நிலையங்கள் இரண்டு, இனி கிரீன் டே பாட்டே போடமாட்டோம் என்று அறிவித்துவிட்டன. ஐம்பத்திரண்டு வயதில் மறுபடி ஒரு தடை!

கூப்பர்ட்டினோ அம்மா:

எல்லாவற்றையும் படித்தேன். என் மகனுக்குப் பதின்மூன்று வயது, இந்தக் குழுதான் வேண்டும் என்கிறான். கெட்ட வார்த்தை இருக்குமா? எதிலிருந்து தொடங்கலாம்?

நாலு கம்பி:

இருக்கும், அம்மா, நிறையவே இருக்கும். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்தவைதான். ‘கெர்ப்ளங்க்’ வாங்கிக்கொடுங்கள், பிறகு ‘டூக்கி’. பேஸ் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். சனிக்கிழமை காலை வகுப்பில் ஓர் இடம் இருக்கிறது.