‘கொய்யா’ என்று சரியாக அடித்தாலும் ‘தவறு’ என்கிறது என் சொல் விளையாட்டு

ஞாயிறு நிரலர்:
வணக்கம். வேலை வேறு துறையில்; பைத்தான் நிரல்மொழி எனக்கு வார இறுதிப் பொழுதுபோக்கு. வீட்டில் உள்ளவர்கள் விளையாட டெலிகிராமில் ஒரு பாட் (தானாகப் பதில் சொல்லும் நிரல்) எழுதியிருக்கிறேன். குறிப்பு கொடுத்து, எழுத்துக்கு ஒன்றாகக் கட்டம் காட்டும்; சொல்லைக் கண்டுபிடித்து அடிக்க வேண்டும். நீளம் எண்ணும் ‘லென்’ போட்டால் ‘அம்மா’வுக்கு 5 என்று வந்ததால், புள்ளியையும் துணைக்குறிகளையும் முந்தைய எழுத்தோடு சேர்த்து எண்ண ஒரு லூப் எழுதினேன். இப்போது சரியாக 3 வருகிறது.

சிக்கல் அத்தையிடமிருந்து வந்தது. விடை ‘கொய்யா’. அவரும் ‘கொய்யா’ என்றுதான் அடித்திருக்கிறார், படம் அனுப்பினார். பாட் ‘தவறு’ என்கிறது. ‘மாதுளை’, ‘பலா’ எல்லாம் ஏற்றுக்கொள்கிறது. ‘கோவில்’, ‘தொட்டில்’ ஏற்கவில்லை. என் கணினியில் சோதித்தால் எல்லாமே சரி! அத்தையின் போனில் இரண்டு விசைப்பலகை மாற்றிப் பார்த்தாயிற்று. அவருக்கோ, நான் வேண்டுமென்றே தோற்கடிக்கிறேன் என்று சந்தேகம்.

இன்னொன்று: ‘கௌதாரி’க்கு 4 கட்டம் காட்டுகிறது. இது தனிச் சிக்கலா, தெரியவில்லை.

மொட்டைமாடி:
போனில் அடிக்கும்போது கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொள்ளும். அதை வெட்டும் ‘ஸ்ட்ரிப்’ போட்டீர்களா?

ஞாயிறு நிரலர்:
முதல் நாளே போட்டுவிட்டேன். இடைவெளி என்றால் ‘பலா’வும் தோற்க வேண்டுமே.

பழைய எழுத்துரு:
போனை விட்டுவிடுங்கள். தோற்கிற சொல்லில் எல்லாம் கொம்பும் காலும் சேர்ந்த எழுத்து இருக்கிறது, கவனித்தீர்களா? அத்தை அடித்த சொல்லையும் பட்டியலில் உள்ள சொல்லையும் எழுத்து எழுத்தாக, அதன் எண்ணைச் சொல்லும் ‘ஆர்ட்’ ஃபங்ஷனில் கொடுத்து, வரும் எண்களை இங்கே போடுங்கள்.

ஞாயிறு நிரலர்:
அத்தை அடித்தது: 2965, 3018, 2991, 3021, 2991, 3006
பட்டியலில்: 2965, 3014, 3006, 2991, 3021, 2991, 3006

ஒன்றில் 6, இன்னொன்றில் 7. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன!

பழைய எழுத்துரு:
அதேதான். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் ‘ொ’வுக்கு 3018 என்று தனி எண் உண்டு. அதையே ‘ெ’ (3014), ‘ா’ (3006) என்று இரண்டு துண்டாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்பது யூனிகோட் விதி, எழுத்துருவும் ஒன்றாகவே காட்டும். ஆனால் பைத்தானின் இரட்டைச் சமக்குறி எண்களை மட்டும்தான் பார்க்கும். ‘ோ’, ‘ௌ’ இரண்டுக்கும் இதே கதை.

பட்டியல் எங்கிருந்து கிடைத்தது? பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்து, பிறகு மாற்றியதோ? அவற்றில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் அடிப்போம்: கொம்பு, க, கால். மாற்றும் மென்பொருள் கொம்பைத் தூக்கி ‘க’வுக்குப் பின்னால் வைத்துவிட்டு, காலோடு சேர்க்காமல் விட்டிருக்கும்.

பைத்தானோடு கூடவே வரும் யூனிகோட்டேட்டாவில் ‘நார்மலைஸ்’ என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அதற்கு முதலில் என்எஃப்சி (துண்டுகளை ஒரே எண்ணாகச் சேர்க்கும் வடிவம்), அடுத்து உங்கள் சொல் என்று கொடுங்கள். பட்டியலைப் படிக்கும்போதும் போடுங்கள், ஆள் அடித்தது வந்ததும் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள்.

மொட்டைமாடி:
அப்படியென்றால் அவர் கணினியில் மட்டும் எப்படிச் சரியாக வந்தது?

ஞாயிறு நிரலர்:
சொல்லவே வெட்கமாக இருக்கிறது. சோதிக்கும்போது நான் எதையும் அடிக்கவே இல்லை. பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டியிருக்கிறேன்.

ஆம், பட்டியல் பாமினியில் இருந்த பழைய கோப்புதான். என்எஃப்சி போட்டதும் கொய்யா, கோவில், தொட்டில் எல்லாம் சரியாகிவிட்டன. மிக்க நன்றி. ஆனால் கௌதாரி அசையவில்லை, இன்னும் 4 கட்டம்.

பழைய எழுத்துரு:
அசையாது. எண்களைப் பாருங்கள், மூன்றாவதாக 2995 இருக்கும். அது ‘ள’. உங்கள் கோப்பில் உள்ளது கௌதாரி இல்லை. கெ, ள, தா, ரி. பாமினியில் ‘ௌ’வின் பின்பாதிக்கும் ‘ள’ விசையைத்தான் தட்டுவோம். யூனிகோடில் அந்தப் பின்பாதிக்குத் தனி எண் (3031) இருக்கிறது, மாற்றும் மென்பொருள் அதைக் கண்டுகொள்ளவில்லை. என்எஃப்சிக்கு இது வேறு சொல், அது திருத்தாது. ‘ஒளவை’ என்று ஒ, ள போட்டு எழுதியதும் இப்படித்தான்.

ஞாயிறு நிரலர்:
‘ெ’க்கு அடுத்து ‘ள’ வந்தால் ‘ௌ’ ஆக்கு என்று ஒரே வரியில் மாற்றிவிடலாமா?

மீன்குழம்பு:
ஐயோ, என் கெளுத்தியை விட்டுவிடுங்கள்! ‘வெளி’, ‘தெளிவு’ எல்லாமும் போய்விடும்.

பழைய எழுத்துரு:
மீன்குழம்பு சொல்வது சரி. ‘ள’வுக்கு அடுத்து புள்ளியோ துணைக்குறியோ இருந்தால் தொடக் கூடாது. கெளுத்தி, வெளி, வெள்ளை எல்லாம் அதில் தப்பிவிடும். மெளனம், பெளர்ணமி, வெளவால் மாதிரி வெறும் ‘ள’ வருபவை மட்டும் மாறும். பேச்சு வழக்கில் எழுதிய ‘வெளக்கு’ பட்டியலில் இருந்தால் அதுவும் மாட்டும். அதனால் மாறப்போகும் சொற்களை ஒரு கோப்பில் எழுதி, கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு மாற்றுங்கள். நான் பார்க்காமல் மாற்றி ஒருமுறை பட்டிருக்கிறேன்.

அப்புறம், இணையத்திலிருந்து சொற்களை எடுத்துச் சேர்ப்பதாக இருந்தால் 8204 என்ற எண்ணையும் தேடி நீக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்து அது, ‘ஸ்ட்ரிப்’ அதை எடுக்காது.

மொட்டைமாடி:
கட்டம் எண்ணும் லூப் சரிதானா என்று பார்க்க ‘விகடகவி’யைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். எழுத்தாகப் பிரித்துத் திருப்பினால் அப்படியே வரும். வெறும் எண் வரிசையைத் திருப்பினால் ‘ி’ தனியாக முன்னால் வந்து நிற்கும்.

ஞாயிறு நிரலர்:
விகடகவி பாஸ். ‘ௌ’ வரிசையில் 31 சொற்கள் சிக்கின, எல்லாம் நியாயமாகத் திருத்த வேண்டியவையே. கௌதாரிக்கு 3 கட்டம் வந்துவிட்டது. முடிந்தது என்று குறித்துவிடுகிறேன்.

அத்தையின் அடுத்த புகார் அதற்குள் வந்துவிட்டது. ‘பட்டு’ என்று அடித்தால் போனே ‘பாட்டு’ என்று மாற்றி அனுப்பிவிடுகிறதாம். இது என் நிரலில் இல்லை, போனில் திருத்தும் வசதியை அணைத்துவிடுங்கள் என்று சொன்னேன். “போன தடவையும் போன்மேலதானே பழி போட்டே” என்கிறார்.