மறு: இன்டெஸ்டினல் பெர்மியபிலிட்டி – 'குடல் புகவிடுதன்மை' சரிவருமா?

மடற்குழு நண்பர்களுக்கு வணக்கம்.

குடற்சுவர் பொருள்களை எவ்வளவு உள்ளே விடுகிறது என்பதை ஆங்கிலத்தில் இன்டெஸ்டினல் பெர்மியபிலிட்டி என்கிறார்கள். குடல் நோயாளிகளுக்காக நாம் எழுதும் கையேட்டில் அதற்கு எந்தத் தமிழ்ச்சொல்லைப் போடுவது என்பதே இந்த இழையின் கேள்வி. இதில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் நேற்றிரவு மறுபடி உட்கார்ந்து படித்தேன். நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: ஊடுருவுதிறன், உட்புகுதிறன், குடற்கசிவு, அப்புறம் யாழ்ப்பாண நண்பர் தந்த ஊடுபுகவிடுமியல்பு. கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். அதனால் என் கருத்தைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு மாலை பட்டர்வொர்த்தில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அவருக்குக் குரோன் நோய் (குடலில் நாள்பட்ட அழற்சி) வந்து ஒன்பது வருடம் ஆகிறது. கையேட்டில் எழுதும் ஒவ்வொரு பக்கத்தையும் அவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிவிடுவேன். அன்றைக்கு அடுப்படித் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். 'நோய் தீவிரமாக இருக்கும்போது குடலின் ஊடுருவுதிறன் அதிகரிக்கிறது' என்ற வரி வந்ததும் அவர் கை நின்றுவிட்டது. "திறன் கூடினா நல்லதுதானே? அப்புறம் ஏன் நோய்னு சொல்றாங்க?" என்று கேட்டார்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. மூன்று வாரமாக நாம் இலக்கணம் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் ஒரே கேள்வியில் சொல்லின் பழுதைக் காட்டிவிட்டார். பேச்சுத்திறன், செயல்திறன், சிந்தனைத்திறன் என்று திறன் எல்லாமே கூடவேண்டியவை என்றுதான் நம் காது பழகியிருக்கிறது. நோயாளியின் கையில் கொடுக்கும் தாளில் அந்தச் சொல்லைப் போட்டால் கெட்ட செய்தி நல்ல செய்தியாகக் கேட்கும்.

இரண்டாவது பழுது வினையில் இருக்கிறது. ஊடுருவுவது யார்? எலும்பை ஊடுருவும் குளிர் என்கிறோம், எல்லைக்குள் ஊடுருவியவர்கள் என்கிறோம். துளைத்துக்கொண்டு போகிறவனுடைய வினை அது. உட்புகுவதும் அப்படியே, புகுவது சர்க்கரை போன்ற பொருள். நாம் பேச வந்ததோ குடற்சுவரைப் பற்றி. சுவர் புகுவதில்லை, புக விடுகிறது. 'விடு' என்ற வினை சொல்லுக்குள் இல்லாவிட்டால் அந்தச் சொல் வந்தவரைப் பற்றிப் பேசுமே தவிர வாசலைப் பற்றிப் பேசாது. தவிர, உட்புகுதிறன் தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்களில் காந்தவியலுக்குப் போய்விட்டது. அங்கே அது நிலைத்த சொல், அதை நாம் கலைக்க வேண்டாம்.

குடல் எவ்வளவு விடுகிறது என்று அளக்கும் சோதனை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நம்மில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும்: மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் நம் சீலிங்கில் மஞ்சளாகப் படரும். எங்கே ஒழுகுகிறது என்று யாருக்கும் தெரியாது. ஆள் வந்து மேல்வீட்டுத் தரையில் சாயத்தண்ணீரை ஊற்றிவிட்டுக் கீழே நின்று பார்ப்பார். நிறத்தோடு சொட்டினால் தரைதான் விடுகிறது. குடலுக்கும் இதே வேலைதான். உடல் எரித்துவிடாத, சிறுநீரில் அப்படியே வெளியேறுகிற பொருளைக் குடிக்கக் கொடுத்து, சிறுநீரில் எவ்வளவு வந்தது என்று அளக்கிறார்கள்.

ஆனால் ஒரு சாயம் போதாது. வயிறு மெதுவாகக் காலியானாலும், குடித்ததில் கொஞ்சம் வாந்தியாகிப் போனாலும், சிறுநீரகம் சுணங்கினாலும், ஒருமுறை சிறுநீரைப் பிடிக்க மறந்துவிட்டாலும் கணக்குத் தவறிவிடும். அதனால் இரண்டு சர்க்கரைகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஒன்று மானிட்டால், மூலக்கூறு எடை 182. மற்றது லாக்டுலோஸ், 342. இரவு முழுக்கப் பட்டினி இருந்து, காலையில் இரண்டும் கரைந்த நீரைக் குடித்து, ஐந்தாறு மணி நேரச் சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் சேர்க்கவேண்டும். மானிட்டால் சிறியது. குடலுறிஞ்சிகளின் (சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் நுண்முளைகளின்) பரப்பு எங்கும் எளிதாகப் புகுந்துவிடும். நல்ல குடலில் குடித்ததில் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே சிறுநீரில் வந்துவிடுகிறது. லாக்டுலோஸ் பெரியது. உயிரணுக்களுக்கு நடுவே உள்ள இடுக்கு தளர்ந்தால்தான் கணிசமாக நுழைய முடியும். நல்ல குடலில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. சிறுநீரில் வந்த லாக்டுலோஸின் பங்கை மானிட்டாலின் பங்கால் வகுத்தால் நான் மேலே சொன்ன இடையூறுகள் இரண்டு சர்க்கரைக்கும் பொதுவானவை என்பதால் பெரும்பாலும் கழிந்துபோகும். மிஞ்சுவது சுவரின் கதை. எவ்வளவு எளிமையான யோசனை! 1970களில் வந்தது, இன்றும் ஆய்வுகளில் பயன்படுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. விகிதம் வேறு, புகவிடுதல் வேறு. லாக்டுலோஸ் கூடினாலும் விகிதம் ஏறும், மானிட்டால் குறைந்தாலும் ஏறும். குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகும் சீலியாக் நோயில் (கோதுமைப் புரதம் ஒவ்வாமல் வருவது) மானிட்டால் குறைகிறது. குரோன் நோயில் பெரும்பாலும் லாக்டுலோஸ் கூடுகிறது. எனவே விகிதத்துக்கே நம் புதுச்சொல்லைச் சூட்டிவிடக் கூடாது. விகிதத்தை 'லாக்டுலோஸ்–மானிட்டால் விகிதம்' என்றே விடுவோம். சோதனைக்கு 'இருசர்க்கரைச் சோதனை' என்று அக்கா ஒருவர் எழுதியிருந்தார். அருமையான சொல், அதற்குமேல் விவாதமே வேண்டாம்.

சரி, குடற்கசிவு. முதலில் எனக்கும் பிடித்திருந்தது. மண்பானை கசியும், ஓட்டைக் குடம் ஒழுகும். கசிவது பானையின் இயல்பு, அதனால்தான் தண்ணீர் குளிர்கிறது. நலமான குடலும் ஓரளவு விடத்தான் செய்யும், விடாவிட்டால் சோறும் தண்ணீரும் உடம்பில் சேராது. அந்த வகையில் கசிவு பொருத்தமான சொல்லாகவே தோன்றியது. ஆனால் நம் குழுவில் உள்ள மருத்துவர் அக்கா சொன்ன காரணத்தை மீற முடியாது. குரோன் நோயாளிகளில் பலருக்குக் குடலின் ஒரு பகுதியை வெட்டி, முனைகளைத் தைத்து இணைக்கிறார்கள். அந்தத் தையல் விட்டுப்போய்க் குடலில் உள்ளது வயிற்றுக்குள் வழிவதைத்தான் அறுவைப் பிரிவில் கசிவு என்கிறார்கள். அது உயிருக்கு ஆபத்து, உடனே பார்க்கவேண்டியது. பெரியம்மாவின் வயிற்றில் அந்தத் தழும்பு இருக்கிறது. 'உங்களுக்குக் குடற்கசிவு' என்று ஒரு தாளில் படித்தால் அவர் என்ன பாடுபடுவார்? மிகச் சிறிய மூலக்கூறுகள் கூடுதலாக நுழைவதையும் தையல் பிரிவதையும் ஒரே சொல்லில் கட்டக் கூடாது. தவிர, 'ஒழுகும் குடலை அடைக்கும் தூள்' என்று வாட்சாப்பில் விற்பவர்களுக்கும் நாமே சொல் எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

மலாயில் இந்தப் பிரிவு சுத்தமாக இருக்கிறது. குழாய் ஒழுகினால் போச்சோர், சுவர் விட்டால் தெலாப். மலேசியாவில் தமிழ்ப்பள்ளி நமக்கு ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுவதால் நம்மில் பலர் நான்காம் படிவ உயிரியலில் 'மெம்பிரான் செபாரா தெலாப்' (சிலவற்றை மட்டும் புக விடும் சவ்வு) என்றுதான் முதன்முதலில் இதைக் கேட்டோம். தமிழ்ப்பெயர் காதில் விழவே இல்லை. தெலாப் என்பது சவ்வைப் பற்றிய சொல், அதைக் கடந்து போகும் நீரைப் பற்றியதல்ல. அந்தத் தெளிவு நமக்கும் வேண்டும்.

அது நம்மிடம் இல்லாமலும் இல்லை. தமிழ்நாட்டு வேதியியல் மாணவர்கள் 'கூறு புகவிடும் சவ்வு' என்று படிக்கிறார்கள். இலங்கைச் சொல்லிலும் 'புகவிடும்' இருக்கிறது. இரண்டு நாட்டாரும் தனித்தனியே சரியான வினையைப் பிடித்திருக்கிறார்கள். ஆகவே நான் முன்வைக்கும் 'குடல் புகவிடுதன்மை' முழுக்கப் புதிய சொல் அல்ல. திறனை எடுத்துவிட்டுத் தன்மையை வைத்தேன், 'ஊடு'வை விட்டேன், அவ்வளவுதான். தன்மை கூடினால் நல்லது என்றோ கெட்டது என்றோ காது முன்கூட்டியே முடிவு கட்டாது.

யாழ்ப்பாண நண்பர் கோபிக்கக் கூடாது. 'ஊடு'வை விடுவதற்குக் காரணம் நீளம் மட்டுமல்ல. பொருள்கள் குடற்சுவரைக் கடக்க இரண்டு வழிகள்: உயிரணுவின் உடலுக்குள்ளேயே புகுந்து மறுபக்கம் வருவது, இரண்டு உயிரணுக்களுக்கு நடுவே போவது. முன்னதற்கு 'ஊடுவழி', பின்னதற்கு 'இடைவழி' என்று வைத்தால் எவ்வளவு கச்சிதம்! பொதுச்சொல்லிலேயே ஊடுவைச் செலவழித்துவிட்டால் இங்கே கை வறண்டுவிடும்.

இடைவழியைக் காப்பது அந்த இடுக்கை இறுக்கிப் பிடிக்கும் புரதக் கட்டு. அதற்கு 'இறுக்கச் சந்தி' என்று எழுதியிருக்கிறோம். சந்தி என்றால் பெரியம்மாவுக்கு நான்கு சாலை கூடும் இடம்தான். தச்சர்கள் இரண்டு பலகையைச் சேர்க்கும் இடத்தைப் பொருத்து என்பார்கள். 'இறுக்கப் பொருத்து' என்றால் படமாகத் தெரியும். இந்தப் பொருத்து ஆணி அடித்ததுபோல அசையாதது அல்ல, தளரும், இறுகும். அதில் உள்ள ஒரு புரதக் குடும்பத்துக்கு 1998ல் கிளாடின் என்று பெயர் வைத்தார்கள். 'மூடு' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து எடுத்த பெயர். அவர்களும் வாசலின் வினையைத்தான் எடுத்தார்கள் பாருங்கள்! அந்தக் குடும்பத்தில் இரண்டாம் எண் கிளாடின் போன்ற சில மூடுவதற்குப் பதில் துளை அமைக்கின்றன. இரண்டாம் எண்ணின் துளை வழியே அயனிகளும் நீரும் போகும். குரோன் போன்ற குடல் அழற்சி நோய்களில் அது பெருகுகிறது.

இன்னொன்று. 'குடல்' என்று மொட்டையாகச் சொல்வது சில இடங்களில் போதாது. லாக்டுலோஸையும் மானிட்டாலையும் பெருங்குடல் நுண்ணுயிரிகள் தின்றுவிடுகின்றன, எனவே இருசர்க்கரைச் சோதனை சொல்வது சிறுகுடலின் நிலையை. புண்ணுடன் கூடிய பெருங்குடல் அழற்சி உள்ளவரிடம் அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. நுண்ணுயிரிகள் தொடாத சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பைக் கொடுத்து 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்தால் பெருங்குடலின் பங்கும் தெரியும். ஆகவே தேவையான இடங்களில் 'சிறுகுடல் புகவிடுதன்மை', 'பெருங்குடல் புகவிடுதன்மை' என்று பிரித்தே எழுதுவோம்.

சோனுலின் (இறுக்கப் பொருத்தைத் தளர்த்துவதாகச் சொல்லப்படும் புரதம்) ரத்தப் பரிசோதனையைச் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். கடையில் கிடைக்கும் சோதனைப் பெட்டிகள் வேறு புரதங்களையும் பிடிக்கின்றன என்று தெரிந்தபிறகு அதற்காக நோயாளியைப் பணம் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தச் சொல்லுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்ட தம்பிக்கு: வேண்டும். இந்நாட்டில் குடல் அழற்சி நோய் மலாய்க்காரர், சீனரைவிட இந்தியரிடையே கூடுதலாகக் காணப்படுகிறது. பேராக்கில் ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் எடுத்த கணக்கும் அதையே காட்டியது. நோயாளிகளின் நலமான உறவினர் சிலரிடமும் புகவிடுதன்மை கூடியிருப்பதாக 1986லேயே எழுதினார்கள். 2020ல் வெளியான கனடா ஆய்வு, அப்படிக் கூடியிருந்த உறவினருக்குப் பின்னாளில் குரோன் நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. அதுதான் நோய்க்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை, தொடர்பு இருக்கிறது என்றது. இந்த வேறுபாட்டைப் பெரியம்மாவின் மகளுக்குத் தமிழில் பதறாமல் எடுத்துச் சொல்ல நமக்குச் சொல் வேண்டாமா?

கையேட்டுக்கு நான் திருத்தி எழுதிய பத்தி இது:

'குடற்சுவர் தேவையானதை உள்ளே விடும், மற்றதைத் தடுக்கும். எவ்வளவு விடுகிறது என்பதே குடல் புகவிடுதன்மை. நோய் தீவிரமாக இருக்கும்போது சுவர் அளவுக்கு மீறி விடுகிறது. இதை அளக்க இருசர்க்கரைச் சோதனை உண்டு. இது பெரும்பாலும் ஆய்வுக்காகச் செய்யப்படுவது. சோதனைக்கு முன்பு சீனி இல்லாத சூயிங்கம் மெல்ல வேண்டாம், அதில் மானிட்டால் இருக்கலாம். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகளும் மதுவும் புகவிடுதன்மையைக் கூட்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.'

நேற்று இதைத் தொலைபேசியில் பெரியம்மாவுக்கு வாசித்தேன். "அப்போ என் சுவரு ரொம்ப விடுது, அதான?" என்றார்.

'இறுக்கப் பொருத்து' பற்றி மட்டும் வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள். மற்றவற்றுக்கு மறுப்பு வராவிட்டால் இப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடுகிறேன்.